கதவில்லாத அறைவீடு

சென்ற மாதம் நாங்கள் மும்பையின் தாராவியை விட்டுப் புறநகரான டோம்பிவிலிக்குக் குடிபெயர்ந்தோம். 26 ஆண்டுகள் ஒரே அறையில் குடித்தனம் நடத்திய எனக்கு முதன்முறையாகக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு தனியறை கிடைத்திருக்கிறது. "இனிமேல் உங்களுக்கு ஜெபம்பண்ண ஓர் இடம் இருக்கிறது, அம்மா" என்று சொல்லி, என் மகன் அங்கே ஒரு ஜமுக்காளத்தை விரித்து, சுவரோரமாக ஒரு சிறிய மேஜையையும் போட்டுக் கொடுத்தான். மறுநாள் விடியற்காலையில் கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு முழங்காற்படியிட்டேன். வெகுநேரம் வார்த்தை ஒன்றும் வரவில்லை. இத்தனை ஆண்டுகளாக இந்தக் கதவுக்காகத்தானே ஏங்கினோம் என்று எண்ணியபோது, அந்த ஏக்கத்தைப் பற்றியே எழுதிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த இயேசுவின் வசனம் ஒன்றிலிருந்து வந்த ஏக்கம் அது. "நீயோ ஜெபம்பண்ணும்போது, உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி, அந்தரங்கத்திலிருக்கிற உன் பிதாவை நோக்கி ஜெபம்பண்ணு." திருநெல்வேலிச் சீமையில் எங்கள் ஊர் வீட்டில் இந்த வசனம் எனக்கு எந்தச் சிரமமும் தந்ததில்லை, பின்கட்டில் நெல்மூட்டைகள் அடுக்கிய இருட்டறை ஒன்று இருந்தது, அம்மா அதற்குள் போய்விட்டால் யாரும் கூப்பிடமாட்டோம். மணமாகி மும்பைக்கு வந்தபின் அதே வசனம் முள்ளாகக் குத்தத் தொடங்கியது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, மூலையில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் ஒரு மோரி, தலைக்குமேல் ஒரு பரண். அதற்குள் மாமியார், கணவர், நான், பின்னர் இரண்டு பிள்ளைகள். அடுத்த வீட்டுக் குக்கரின் விசில் எங்கள் வீட்டு விசில்போலவே கேட்கும். தெருக்கதவைச் சாத்தினால் காற்று நின்றுவிடும் என்பதால் பகலில் அதைச் சாத்தும் வழக்கமே இல்லை. இயேசு சொன்ன அறைவீடு எங்களைப்போன்றவர்களுக்கு இல்லையோ என்று நான் பல இரவுகள் பரணைப் பார்த்துக்கொண்டு யோசித்திருக்கிறேன்.

வெகுகாலத்துக்குப் பிறகுதான், எங்கள் சபைக்கு வந்த ஒரு முதிய போதகர் வேதபாடத்தில் அந்தச் சொல்லை விளக்கினார். தமிழில் அறைவீடு என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கும் கிரேக்கச் சொல் தமெயோன். தானியமும் எண்ணெயும் வைத்துப் பூட்டுகிற உள்ளறை, பண்டகசாலை என்பதே அதன் அடிப்படைப் பொருள். லூக்கா 12ஆம் அதிகாரத்தில், காகங்களுக்குப் பண்டசாலையும் இல்லை, களஞ்சியமும் இல்லை என்று இயேசு சொல்லும்போது பண்டசாலை என்று வருவதும் இதே சொல்தான். முற்றத்தைச் சுற்றிச் சின்னச்சின்ன அறைகளாகக் கட்டப்பட்ட கலிலேயாவின் எளிய வீடுகளில், ஜெபத்துக்கென்று ஓர் அறையை ஒதுக்கி வைக்க யாருக்கு வசதி இருந்திருக்கும்? மூட்டைகளுக்கும் ஜாடிகளுக்கும் நடுவே, எலி ஓடுகிற இருட்டில், வீட்டார் புழங்கும் சத்தத்துக்கு மிக அருகே நின்று ஜெபிக்கச் சொன்னார் ஆண்டவர். அம்மாவின் நெல்லறை என் நினைவுக்கு வந்தது. தமெயோன் என்ற ஒலி நம்முடைய 'தமியோன்' என்ற சொல்லையும் நினைவூட்டுகிறது. இரண்டு மொழிகளுக்கும் இதில் தொடர்பு எதுவும் இல்லைதான். ஆனாலும் தனித்திருப்பவனைக் குறிக்கும் அந்தத் தமிழ்ச்சொல்லை அன்றுமுதல் என்னால் இந்த வசனத்திலிருந்து பிரிக்க முடியவில்லை.

அந்த விளக்கத்தைக் கேட்டபோதுதான், எனக்கும் ஒரு பண்டகசாலை ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்ததை உணர்ந்தேன். எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் விடியற்காலை நாலரை மணிக்கு வரும். மோரியின் ஓரத்தில் நீல நிற டிரம் ஒன்றும் நான்கு குடங்களும் இருந்தன. வீட்டில் எல்லாரும் உறங்க, நான் மட்டும் எழுந்து, இரப்பர்க் குழாயை டிரம்முக்குள் விட்டுவிட்டு, விளக்கைப் போடாமல் அதன் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் முதலில் வெறும் டிரம்மின் அடியில் விழும்போது கனத்த, முழங்குகிற ஓசை எழும். நிறைய நிறைய அந்த ஓசை மெல்லியதாகிக் கூர்மையாக மேலேறும். விளிம்புக்கு நான்கு விரல் இருக்கும்போது ஒருவிதமாகக் கிசுகிசுக்கும். கண்ணை மூடியிருந்தாலும் அந்தக் கிசுகிசுப்பில் எழுந்துவிடுவேன். டிரம் நிறைய முக்கால்மணி நேரம் பிடிக்கும். மசூதியின் பாங்கு ஓசை அந்த நேரத்தில்தான் வரும். கொஞ்சம் கழித்து எங்கள் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் மணியும் கேட்கும். இவற்றுக்கெல்லாம் நடுவில், என் உதடுகள்கூட அசையாமல், நான் பிதாவோடு பேசினேன். அங்கே கதவு இருக்கவில்லை. என்னை யாரும் பார்க்கவும் இல்லை.

நம் ஆண்டவருக்கும் சொந்தமாக ஓர் அறை இருந்ததாகச் சுவிசேஷங்களில் நான் படித்ததில்லை. மாற்கு முதலாம் அதிகாரத்தில் கப்பர்நகூமில் பேதுருவின் வீட்டில் தங்குகிறார், சாயங்காலத்தில் "பட்டணத்தார் எல்லாரும் வீட்டு வாசலுக்கு முன்பாகக் கூடிவந்தார்கள்." வாசல் முழுக்கக் கூட்டம், வீட்டுக்குள் சற்றுமுன்வரை காய்ச்சலாய்க் கிடந்த பேதுருவின் மாமி, பேதுருவின் குடும்பத்தார், சீஷர்கள். தாராவியில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவேண்டிய அவசியமே இல்லை. மறுநாள் அவர் "அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு" வனாந்தரமான ஓரிடத்துக்குப் போனார். இடம் கிடைக்காத மனிதர் நேரத்தைத் தேடி எடுத்துக்கொண்டார். அங்கேயும் பேதுரு என்னும் சீமோனும் அவனோடு இருந்தவர்களும் பின்தொடர்ந்து போய், "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

உம்மை என்ற அந்தச் சொல்லில் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் கடவுளிடத்தில் சேருவது என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அந்தச் சொல்தான். தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் தேவனை நீ என்றும் அழைப்பதில்லை, நீங்கள் என்றும் அழைப்பதில்லை. நீர் என்கிறோம், தேவரீர் என்கிறோம். இன்றைய பேச்சுத்தமிழில் பெரும்பாலான இடங்களில் நீர் வழக்கொழிந்துவிட்டது என்பதால், நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பழைய, தூரமான, ஆலயத்துக்கு மட்டும் உரிய சொல்லாகப் படுகிறது. என் மகளே ஒருமுறை, "ஆண்டவரை நீங்க என்று சொல்லி ஜெபித்தால் தப்பா, அம்மா?" என்று கேட்டாள். தப்பில்லை என்றுதான் சொன்னேன். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கத்தில் நீர் ஒருநாளும் தூரத்துச் சொல்லாக இருந்ததில்லை. என் அப்பாவும் அவருடைய நண்பர் ஒருவரும் ஐம்பது வருடம் ஒருவரையொருவர் நீர் என்றே அழைத்துக்கொண்டார்கள். மரியாதை குறையாத, அதே சமயம் எதையும் சொல்லலாம் என்கிற நெருக்கம் அதில் இருந்தது. "நீரு சொன்னது சரியில்லை வே" என்று திண்ணையில் உட்கார்ந்து இராத்திரி பத்துமணிவரை சண்டை போடுவார்கள். காப்பி ஆறிப்போகும். சண்டை எவ்வளவு முற்றினாலும் இருவரில் ஒருவரும் திண்ணையை விட்டு எழுந்து போனதை நான் பார்த்ததில்லை.

ஜெபத்திலும் இந்த முன்னிலைதான் முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கர்த்தர் கற்பித்த ஜெபம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்குகிறது. நம் பிதாவே என்று தமிழில் சொல்லவே முடியாது. நம் என்றால் கேட்பவரையும் சேர்த்துக்கொண்டதாகிவிடும், எங்கள் என்றால்தான் அவரைப் பார்த்துப் பேசுவதாகும். இந்த வேறுபாடு நம்முடைய மொழிக்குக் கிடைத்த ஒரு கொடை. சபையில் நாம் ஏறெடுக்கும் ஜெபங்களைக் கவனித்துக் கேட்டால், எங்கள் என்று தொடங்குவது சிறிது நேரத்தில் நம்முடைய தேவன் பெரியவர், அவர் நம்மைக் கைவிடமாட்டார் என்று படர்க்கைக்கு மாறிவிடுகிறது. அந்த நொடியில் பிதாவைப் பார்த்திருந்த முகம் சபையைப் பார்க்கத் திரும்பிவிட்டது. கண்கள் மூடியிருந்தாலும் அது ஜெபமாக இல்லாமல் பிரசங்கமாகிவிடுகிறது. நானும் வீட்டுக்கூட்டங்களில் இப்படி ஜெபித்திருக்கிறேன், நன்றாக ஜெபித்தீர்கள் என்று யாராவது சொன்னால் மகிழ்ந்தும் இருக்கிறேன். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் மனுஷர் காணும்படி நின்று ஜெபிக்கிறவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது என்று ஆண்டவர் சொல்வது இந்த மகிழ்ச்சியைத்தான். கதவைப் பூட்டு என்ற கட்டளை, என்னைப் பாராட்டக்கூடிய அத்தனைபேரையும் வெளியே நிறுத்து என்று எனக்குக் கேட்கிறது.

2017ஆம் ஆண்டில் என் அப்பாவின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. 11 மாதங்கள் அவருக்காக ஜெபித்தோம். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன், ஜெபக்குறிப்பை எத்தனையோ பேருக்கு அனுப்பினேன், ஒவ்வொரு நாலரை மணிக்கும் டிரம் அருகே அவர் பெயரைச் சொன்னேன். அப்பா இறந்துபோனார். அடக்கம் முடிந்து மும்பைக்குத் திரும்பியபின் ஒரு ஜெபக்கூட்டத்தில், பலருக்கு முன்பாக, ஜெபம் கேட்கப்படாததற்கு வீட்டாரின் விசுவாசக்குறைவுதான் காரணம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் வீடு திரும்பும்போது 90 அடி சாலையைக் கடக்க முடியாமல் ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பின் பல மாதங்கள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. டிரம் நிறையும், கிசுகிசுக்கும், எழுந்து குழாயைக் குடத்துக்கு மாற்றுவேன், அவ்வளவுதான். அந்நாட்களில் எனக்குத் துணையாய் இருந்தவள், வேதத்தில் பிள்ளையில்லாமல் ஏங்கிய அன்னாள். சீலோவில் அவள் மனங்கசந்து அழுது ஜெபித்தபோது, ஆலயத்தின் வாசல் நிலையண்டையில் ஆசனம் போட்டு உட்கார்ந்திருந்த ஆசாரியனாகிய ஏலி, அவளுடைய உதடுகள் மட்டும் அசைவதைக் கண்டு, அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்தான். ஊழியத்திலேயே வயதானவருக்குக்கூட ஒரு பெண்ணின் ஜெபத்தை வெளியிலிருந்து பார்த்து அடையாளங்காண முடியவில்லை. அவளோ, "அப்படியல்ல, என் ஆண்டவனே, நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்று மரியாதையாகவும் தெளிவாகவும் மறுத்துப் பேசினாள். "நான் என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன்" என்றாள். பிறகு போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாய் இருக்கவில்லை என்று வேதம் சொல்கிறது. அவள் கேட்ட மகன் சாமுவேல் அப்போது பிறக்கவில்லை, கருவில்கூட இல்லை. அந்த வசனத்தை அதற்குமுன் எத்தனைமுறை வாசித்திருந்தும், அவள் முகம் மாறியது குழந்தை கிடைப்பதற்கு முன்னால் என்பதை நான் கவனிக்கவே இல்லை.

அப்பாவின் பழைய ஜெபப்புத்தகத்தை ஊரிலிருந்து எடுத்து வந்திருந்தேன். ஆங்கிலிக்கன் முறைப்படி 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாட்களுக்குக் காலை, மாலை என்று பங்கிட்டுக் கொடுத்திருக்கும் புத்தகம் அது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகிப் புதிய வழிபாட்டு முறைகள் வந்தபின்னும், தம் தகப்பனார் விட்டுப்போன அந்தப் புத்தகத்தையே அப்பா கடைசிவரை வைத்திருந்தார். மனசு எப்படி இருந்தாலும் அன்றைக்குரிய சங்கீதத்தை வாசித்துவிடுவார். நமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கக்கூடாது என்பார். ஒரு மாதம் 17ஆம் தேதி, வேறெதுவும் செய்யத் தோன்றாமல், டிரம் பக்கத்தில் கைபேசி வெளிச்சத்தில் அதைத் திறந்தேன். 17ஆம் நாள் காலைக்கு 86, 87, 88. எண்பத்தெட்டாம் சங்கீதம் ஆறுதலில் முடிவதில்லை. சங்கீதங்களில் பெரும்பாலானவை எவ்வளவு அழுதாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்புவதில்லை. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்பதோடு நின்றுவிடுகிறது.

விலக்கினீர் என்ற வினைமுற்றில் என் கண் நின்றது. கர்த்தர் விலக்கினார் என்று சங்கீதக்காரன் எழுதவில்லை. "ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர்?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறான். ஒரு சமாதானமும் கிடைக்காத நிலையிலும் அவன் படர்க்கைக்குப் போகாமல் முன்னிலையிலேயே நிற்கிறான். அப்பாவின் திண்ணை எனக்கு முன்னால் வந்தது. அன்றைக்கு நான் ஆண்டவரிடம் சொன்னது ஒரே வாக்கியம்தான்: நீர் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லி முடித்தபின் அழுதேன். டிரம் நிரம்பி வழிந்து மோரிக்கு வெளியே தண்ணீர் வந்து, மாமியாரின் பாய் நனைந்துவிட்டது. அவர் எழுந்து ஒன்றும் கேட்காமல் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். "தேவனிடத்தில் சேருங்கள், அப்பொழுது அவர் உங்களிடத்தில் சேருவார்" என்று யாக்கோபு எழுதியதை, அந்த ஈரத்தரையில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு முன்பு நான் புரிந்துகொண்டதாகச் சொல்லமாட்டேன்.

மெதுவாகவே திரும்பி வந்தேன். அதற்கு இரயிலும் உதவியது. தாராவிக்கு அருகில் இருக்கும் நிலையத்தை நாங்கள் சயான் என்போம்; மராத்திப் பலகையில் ஷீவ் என்று இருக்கும், எல்லை என்று பொருள். அதன் ஆங்கில எழுத்துகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சீயோன் நினைவுக்கு வரும். கோட்டைப் பகுதியிலுள்ள ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலைக்கு நான் அங்கிருந்துதான் தினமும் மெதுவண்டி பிடித்தேன். பெண்கள் பெட்டியில் கையை மேலே உயர்த்திக் கம்பியைப் பிடித்தால் இறங்கும்வரை இறக்க முடியாது. புத்தகம் திறக்க இடமில்லை, கண்ணை மூடினால் தள்ளாடவேண்டும். எனவே நிலையங்களையே ஜெபப்புத்தகமாக வைத்துக்கொண்டேன். மாதுங்காவில் பிள்ளைகளின் படிப்பு. தாதரில் நெரிசல் தவிர வேறெதுவும் நினைவிருக்காது. பரேலில் டாட்டா மெமோரியல் மருத்துவமனை. 1941இல் திறக்கப்பட்ட அந்தப் புற்றுநோய் மருத்துவமனைக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறார்கள், சுற்றியுள்ள நடைபாதைகளில் தமிழ்க்குரல்களையும் கேட்டிருக்கிறேன். கரி ரோடும் சிஞ்ச்போக்லியும் வந்தால் மூடிப்போன மில்கள். 1982 வேலைநிறுத்தத்தில் என் மாமனார் இழந்த வேலை அந்தப் பக்கத்தில்தான் இருந்தது, ஆகவே அங்கே வேலையில்லாதவர்கள். பைகுல்லாவில் சிறையிலுள்ள பெண்கள். மஸ்ஜித் நிலையத்தில் நகரத்தின் சமாதானம். 1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் தாராவியில் நடந்த கலவரங்களை மாமியார் சொல்லக் கேட்டவள் என்பதால், "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்" என்ற எரேமியாவின் வார்த்தையை நான் இலேசாகச் சொல்வதில்லை.

தனியறைக்குள் போய்க் கதவைப் பூட்டு என்று சொன்ன அதே மூச்சில், என் பிதாவே என்று சொல்லாமல் எங்கள் பிதாவே என்று தொடங்கக் கற்பித்தாரே, அது ஏன் என்று எனக்கு அந்த வண்டியில்தான் விளங்கியது. பூட்டிய அறைக்குள் தனியாகப் போகிறவர் தம்மோடு பரேல் நடைபாதையையும் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது.

டோம்பிவிலி வீட்டில் தொட்டித் தண்ணீர் எந்நேரமும் வருகிறது; நாலரை மணிக்கு எழுப்ப ஒன்றும் இல்லை. இருந்தும் உடம்பு பழகிப்போய் அந்நேரத்துக்கு எழுந்துவிடுகிறது. முதல் வாரம் அறைக்குள் வார்த்தையின்றி உட்கார்ந்திருந்தேன். "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8இல் இருப்பதால், அந்த மௌனத்தைக் குறித்து இம்முறை நான் பயப்படவில்லை. நேற்று 17ஆம் தேதி. ஜமுக்காளத்தில் உட்கார்ந்து எண்பத்தெட்டைச் சத்தமாகவே வாசித்தேன்; எங்கும் தயங்காமல் கடைசி வரிவரை போனேன். கதவைத் தாழிடவில்லை. மாமியார் பாயோடு வந்து உட்கார்வதற்கு இப்போது இல்லை, ஆனாலும் தாழிட மனம் வரவில்லை. ஊரிலிருந்து ஒரு பெண், புற்றுநோய்ச் சிகிச்சைக்காக இங்கே வந்திருக்கிறாள். அவள் பெயரைச் சொன்னேன். காலையில் விரைவு வண்டியில் போனேன். அது பரேலில் நிற்பதில்லை. நடைமேடை ஜன்னலைக் கடந்து போகும் அந்தச் சில விநாடிகளில் அவள் பெயரை இன்னொருமுறை சொல்ல மட்டும் நேரம் இருந்தது.